கண்டேன் சொல்லாத டோக்கன் அக்கா

குறும்படத்துக்கும் முக்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் அகத்திரை வட்டத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். போனவர்கள் கேட்பதில்லை. கேட்டவர்களுக்குக் கடைசி வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு நாற்காலி காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வட்டம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் மாலையில் கூடும். கீழே தூங்குவதற்கு வேண்டியதை விற்றார்கள், மேலே விழிப்பதற்கு வழி சொன்னார்கள். கடைக்காரரே வட்டத்தின் செயலாளராகவும் இருந்ததால் இரண்டு தொழிலுக்கும் தகராறு வரவில்லை. மெத்தை உறையின் பிளாஸ்டிக் வாசனை படியேறி மேலே வரும். ஒரு வெள்ளைத் திரை, ஒரு புரொஜெக்டர், வட்டமாகப் போட இடம் போதாமல் வரிசையாகப் போட்ட நாற்காலிகள். வட்டம் மனசில் இருந்தால் போதும் என்று மூத்தவர் சொல்லியிருந்தார்.

மூத்தவர் என்பவர்தான் இதை நிறுவியவர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முகவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். முகவர்களுக்கு ஊக்கம் பிறக்கச் சின்னச் சின்னப் படங்கள் காட்டுவது அவர் வழக்கம். சுவரேறுகிற எறும்பு, விழுந்து எழுகிற குழந்தை, அந்த மாதிரி. ஓய்வு பெற்றபோது எறும்பும் கையில் இருந்தது, நேரமும் கையில் இருந்தது. ஒருநாள் அந்த எறும்பைத் தனியாக உட்கார்ந்து பார்த்தாராம், உள்ளே ஏதோ திறந்துகொண்டதாம். தன்னைக் குரு என்று எவரும் அழைக்கக் கூடாது என்பதில் மிகக் கண்டிப்பானவர். ‘இங்கே குரு கிடையாது’ என்று ஒரு பலகையே எழுதி மாட்டியிருந்தார். பலகையில் அந்த வாசகத்துக்கு மேலே அவருடைய படம் இருந்தது.

வட்டத்தின் சட்டங்கள் கொஞ்சம்தான். படத்தில் என்ன நடந்தது என்று யாரும் பேசக் கூடாது, அது கதை, கதை பாமரருக்கு. சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் கடைசியில் வருவது. கலந்துரையாடல் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து “கண்டேன்” என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை செயலாளர் கதவின் தாழ்ப்பாளை நீக்க மாட்டார். ஒருவர் காணாவிட்டாலும் வட்டமே காணவில்லை என்று பொருள். இந்தச் சட்டத்தால் வட்டம் நடந்த இத்தனை காலத்தில் ஒரு படம்கூடக் காணப்படாமல் போனதில்லை.

காண்கிறவர்களுக்குப் படிநிலைகள் உண்டு. முதலில் பார்வையாளர், அப்புறம் உணர்வாளர், அதற்கும் மேலே கரைந்தவர். கரைந்தவர்களுக்கு மெத்தை உறைத் துணியில் வெட்டிய சாம்பல் நிறச் சால்வையும் முன்வரிசையும் கிடைக்கும். முதன்முதலில் கரைந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். அவருக்குச் சர்க்கரை வியாதி. வெகு நேரம் உட்கார முடியாது. ஆகவே எல்லாருக்கும் முன்னால் கண்டுவிடுவார். ஒருமுறை படத்தின் தலைப்பு ஓடும்போதே எழுந்து கண்டேன் என்றார். அந்த வேகத்தை மெச்சித்தான் அவரைக் கரைத்தார்கள்.

ஒரே ஒரு தடவை, படம் எடுத்தவரையே கூப்பிட்டுப் பார்த்தார்கள். பூட்டிய கதவை மட்டுமே முழுக்கக் காட்டிய படம் அது. கதவு மரணமா, மனமா என்று இரண்டு வாரம் பேசியிருந்தார்கள். வந்த இளைஞன், நடிக்க வேண்டியவன் வரவில்லை, கேமராவை வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, அதனால் கதவை எடுத்தேன் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து படம் எடுத்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்று ஒரு சட்டம் சேர்ந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்கு டோக்கன் அக்கா எப்படி வந்து சேர்ந்தாள் என்பதுதான் விஷயம்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். வீங்கின கன்னத்தோடு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, எண்ணைக் கூப்பிட்டு, முறை தவறி நுழைகிறவர்களை மடக்குவது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்த கணவர், முந்தின வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மனுஷர் எந்த விசேஷத்திலும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊரையெல்லாம் படம் எடுப்பவர், அதனால் ஒரு படத்திலும் அவர் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டும் அடையாள அட்டைக்காக விறைப்பாக எடுத்தவை.

ஆனால் அவள் போனில் ஒரு சின்ன வீடியோ இருந்தது. அவர் கடைசியாக வாங்கின போன் அது, இப்போது அவள் வைத்திருந்தாள். வாங்கின புதிதில், சமையலறையில் நிற்கிற மனைவியைக் கூடத்துக்குக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கலாம் என்று அதைக் கூடத்து ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறார். எதையோ அழுத்தியதில் அது வீடியோவாக ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, போய்விட்டுத் திரும்பி வந்தவருக்குப் போனை எங்கே வைத்தோம் என்று மறந்துபோயிற்று. வீடியோவில் இருப்பது அவ்வளவுதான்: தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிற போனை ஒரு மனிதர் வீடெல்லாம் தேடுகிறார். தலையணையைத் தூக்குகிறார். செருப்பு அலமாரியைக் குடைகிறார். “இந்த வீட்டுல வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கறதில்ல” என்று புலம்புகிறார். “வெச்ச இடத்துலதான் இருக்கும். வெச்ச ஆளுக்குத்தான் ஞாபகம் இல்ல” என்று அவள் குரல் கேட்கிறது. ஒரு ரிங் விடச் சொல்கிறார். மணி அடிக்கிறது. “ஃபிரிட்ஜ் மேல பாருங்க!” என்று அவள் கத்துகிறாள். அவர் முகம் கிட்டே வந்து திரை முழுக்க நிறைகிறது. “அட, இது ஓடிட்டிருக்கு போலிருக்கே” என்கிறார். பிறகு சிரிக்கிறார். மூக்கில் தொடங்கி, தொண்டைக்கு வந்து, விக்கலில் போய் முடிகிற சிரிப்பு. உலகத்தில் வேறு யாரும் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி அவருடைய தங்கை, டோக்கன் அக்காவின் நாத்தனார். கணக்கு டியூஷன் எடுப்பவள். ஒருகாலத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி சிரித்து வீட்டையே ஆட்டுவார்கள். அண்ணன் போன துக்கத்தில் அவள் வட்டத்தில் சேர்ந்து, வெகு சீக்கிரம் உணர்வாளராகி, சட்டப்படி சிரிப்பை விட்டிருந்தாள். மதிய இடைவேளையில் அண்ணி தினமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வீடியோவைப் போட்டுப் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, அவளையும் வட்டத்துக்குக் கூட்டிப் போனாள். பெண்ணுக்கு நல்ல எண்ணம்தான். ஆழம் தெரியாமல் காலை விட்டது அவள் ஒருத்தி மட்டும் அல்ல.

முதல் நாள் காட்டிய படத்தில் ஓர் ஆளில்லாத அறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் ஒருவர் காலம் என்றார், ஒருவர் கருணை என்றார். புதிதாக வந்தவரைக் கேட்டார்கள். யாராவது அதை மூடியிருக்கலாம் என்றாள் டோக்கன் அக்கா. அறையில் ஒரு பெருமூச்சு பரவியது. “அம்மா குழாயைப் பாத்திருக்காங்க” என்று மூத்தவர் மிகுந்த இரக்கத்தோடு சொன்னார். செயலாளர் அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவோரம் போட்டார். கண்டேன் சொல்லும் முறை வந்தபோது அவள் என்ன காண்பது என்று விழித்தாள். வங்கி மேலாளர் வியர்த்துப்போய்த் திரும்பி, அம்மா, சொல்லிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமா போகும் என்று கெஞ்சினார். பாவமாக இருந்ததால் சொன்னாள்.

இரண்டாம் வாரம் படியில் நின்றிருந்தபோது நாத்தனாருக்கு அந்த வீடியோவைக் காட்டினாள். அவள் கண் கலங்கிப் பார்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வட்டத்தின் பழக்கம் அவளை விடவில்லை.

“அண்ணி, தேடப்படுற பொருளே தேடுறவனைப் பாத்துட்டிருக்கு. இது வீடியோ இல்ல. இது குறும்படம்.”

அடுத்த ஞாயிறு மூத்தவர் அதைப் பார்த்தார். எறும்புக்குப் பிறகு தனக்கு இப்படி நேர்ந்ததில்லை என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வட்டத்துக்குள்ளேயே பிறந்த படம் வேண்டும் என்று அவர் வெகு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். அன்றே அதற்குக் கையளிப்பு நடத்துவதாக அறிவித்தார்.

கையளிப்பு என்பது வட்டத்தின் தனி வழக்கம். தன்னிடம் உள்ள படத்தை வட்டத்துக்குக் கொடுப்பவர், தன் பிரதியை எல்லார் முன்னாலும் அழித்துவிட வேண்டும். பற்று அறுப்பதாம். செயலாளர் வீடியோவைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். திரையில் ‘அழிக்கவா?’ என்று கேட்டு நின்றது.

முழுசாகவா என்று டோக்கன் அக்கா கேட்டாள்.

“பற்றைத்தாம்மா அழிக்கிறோம். படம் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்” என்றார் மூத்தவர்.

அத்தனை பேரும் அவள் கட்டைவிரலையே பார்த்தார்கள். நாத்தனார் அவள் முழங்கையை மெதுவாக அழுத்தினாள். காலமெல்லாம் முறையாகக் காத்திருக்கவும் சொன்னபடி கேட்கவும் மற்றவர்களைப் பழக்கியவள் டோக்கன் அக்கா. அந்தப் பழக்கம் அவளையும் கொஞ்சம் பிடித்திருந்தது. அழுத்தினாள். கைதட்டல் எழுந்தது. குப்பைத் தொட்டியில் மிச்சம் மீதி இருக்கும் என்று செயலாளர் போனை வாங்கி அதையும் காலி செய்துகொடுத்தார்.

யானை வாயில் போன கரும்பாயிற்று. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் போனைத் திறந்தவள், வீடியோ இருந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போனால் திரையில் பெரிதாகவே பார்க்கலாமே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பார்க்கத்தான் பார்த்தாள். முதல் வாரம் படம் முழுதாக ஓடியது. பிறகு பேச்சுத் தொடங்கியது. ஃபிரிட்ஜ்தான் பரம்பொருள், குளிர்ந்து அசையாமல் நிற்கிறது என்று ஒரு சாரார் சொன்னார்கள். போன்தான் பரம்பொருள், ஃபிரிட்ஜ் வெறும் பீடம் என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். இரண்டு அணிக்கும் பேச்சுவார்த்தை நின்று, தண்ணீர்ப் பானையைக்கூட இரண்டாக வைக்க வேண்டியதாயிற்று. பின்னால் கேட்கிற பெண் குரல் மாயை என்பதில் மட்டும் இரு அணிகளுக்கும் ஒற்றுமை இருந்தது. மாயை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அது நான் சட்னி அரைச்சுட்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அது கதை என்று தடுத்துவிட்டார்கள். படத்துக்கு நெருங்கினவர்கள் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார்கள்.

இரண்டாம் வாரம் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். அவர் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் படம் அவர் செருப்பு அலமாரியைக் குடைவதோடு முடிந்தது. மணி இல்லை, கிட்டே வரும் முகம் இல்லை, சிரிப்பு இல்லை. விளக்கு எரிந்ததும் டோக்கன் அக்கா எழுந்து நின்று, மீதி எங்கே என்று கேட்டாள்.

மூத்தவர் பொறுமையாக விளக்கினார். முகவர்களைப் பல வருஷம் பழக்கியவருக்குப் பொறுமை இல்லாமலா இருக்கும்?

“சத்தம் இருந்தா ஜனங்களுக்குப் படம் புரிஞ்சிடுதும்மா. புரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கு வர்றாங்க? அதே மாதிரி, தேடினவர் போனைக் கண்டுபிடிச்சிட்டா அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு. கண்டுபிடிக்காத வரைக்கும்தான் நமக்கு வேலை. நான் இதை மேலேத்தியிருக்கேன், குறைக்கல.”

அப்படியானால் முழுப் படத்தை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்றாள். கையளித்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை கரைந்தவர்களுக்கு மட்டுமே உண்டு என்று செயலாளர் சட்டம் சொன்னார். ஆனால் கரைந்தவர் எதையும் கேட்க மாட்டார், கேட்டால் அவர் கரையவில்லை என்று அர்த்தம் என்று மூத்தவர் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் இதை ஒரே மூச்சில் சொன்னார்கள், இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இரண்டாவது பாதியை டோக்கன் அக்கா காதில் வாங்கவில்லை. கரைந்தால் கேட்கலாம் என்பது மட்டும் அவளுக்குப் போதும். கரைவதென்று முடிவு செய்தாள்.

வட்டத்தின் பேச்சு அவளுக்கு வராது. ஆனால் பல் டாக்டர் நாள் முழுக்க நோயாளிகளிடம் பேசுவது அறைக் கதவு வழியாக அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த ஞாயிறு, பாலைவனத்தில் காற்று வீசுகிற ஒரு படத்துக்குப் பிறகு அவள் எழுந்து நின்றாள்.

“வலி மேல தெரியுது, ஆனா இருக்கறது வேர்ல. மேலாக்க அடைச்சு மூடினா உள்ள அழுகும்” என்றாள்.

மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நாற்காலி கதவோரத்திலிருந்து மூன்று வரிசை முன்னேறியது. அதற்கடுத்த வாரம், ஆடுகிறதைப் பிடித்துக்கொண்டு இருப்பதால்தான் வேதனை, விட்டுவிட்டால் ஒரு நொடிதான் என்றாள். ஒரு பெண்மணி அழுதார். உணர்வாளர் பட்டம் கிடைத்தது. அதற்கும் அடுத்த வாரம், வாயை நன்றாகத் திறங்கள், மூச்சை மட்டும் விடுங்கள், நாக்கை ஆட்டாதீர்கள் என்றாள். வட்டம் முழுவதும் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு வெகு நேரம் தியானத்தில் உட்கார்ந்திருந்தது. செயலாளருக்குத் தாடை பிடித்துக்கொண்டு மறுநாள் அவளிடமே டோக்கன் வாங்க வேண்டியதாயிற்று. எச்சில் துப்பிவிட்டு இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள் என்பதை மட்டும் அவள் கைவசம் வைத்திருந்தாள். அதற்குத் தேவை வரவில்லை.

சால்வை போர்த்தினார்கள். மெத்தை உறைத் துணி கழுத்தை அரித்தது. முதல் வரிசையில், வங்கி மேலாளர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, நான் கையளித்ததைத் திரும்பக் கேட்கிறேன் என்றாள்.

சால்வையை அங்கேயே கழற்றிக்கொண்டார்கள். அவ்வளவு குறைந்த நேரம் கரைந்திருந்தவர் வட்டத்தின் சரித்திரத்திலேயே இல்லை. “இத்தனை நாள் கஷ்டப்பட்டு வந்தீங்க அண்ணி, நானே இன்னும் அங்க வரல” என்று நாத்தனார் வருத்தப்பட்டாள். படியிறங்கும்போது டோக்கன் அக்காவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. எல்லாரையும் திட்டினாள். வீடியோவைத் தெரியாமல் ஓடவிட்ட தன் மனுஷரையும் சேர்த்துத் திட்டினாள். சொந்த அண்ணன் சிரித்ததை எவனோ வெட்டினான், நீ பக்கத்தில் உட்கார்ந்து காலம், கருணை என்று சொல்லிக்கொண்டிருந்தாய் என்று நாத்தனாரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். அவள் படியைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

அதற்குப் பிறகு வட்டத்தின் பெருவிழா வந்தது. அதற்குத் தரிசன நாள் என்று பெயர். காலையிலேயே மாடி நிறைந்துவிட்டது, பழைய கதவோரத்து நாற்காலியில் டோக்கன் அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தாள். இடம் போதாமல் கீழேயிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து ஓரத்தில் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவருக்கு மதியம் வேறொரு கூட்டம் இருந்தது, அதை வந்தவுடன் சொல்லிவிட்டார். அன்றைய படம் ‘தேடல்’. ஆக்கம், அகத்திரை வட்டம். செருப்பு அலமாரியோடு முடிகிற அந்த ஊமைப் படம்தான்.

படம் முடிந்ததும் மூத்தவர் எழுந்து பேசினார்.

“ஒரு சாதாரண மனிதர் தெரியாமல் எடுத்தது இது. அவருக்கே இதன் அருமை தெரியாது. இதிலிருந்த குரலை நாங்கள் நீக்கினோம். சிரிப்பை நீக்கினோம். மனைவியை நீக்கினோம். இப்படி ஒவ்வொன்றாக நீக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது? நாங்கள்தான் மிஞ்சுகிறோம். அதுவே எங்கள் சாதனை.”

நீண்ட கைதட்டல். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார். செயலாளர் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். கண்டேன் சொல்லும் நேரம் வந்தது. வங்கி மேலாளர் முந்திக்கொண்டார். கரைந்தவர்கள் கண்டார்கள், உணர்வாளர்கள் கண்டார்கள். விருந்தினரும் வழக்கத்தைக் கேட்டு, சிரித்தபடி கண்டேன் என்றார். வரிசை வரிசையாக வந்து, கடைசியில் கதவோரத்து நாற்காலிக்கு வந்தது.

டோக்கன் அக்கா எழுந்து நின்றாள்.

“நான் காணல” என்றாள். “மீதியைப் போடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

செயலாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டத்தில் இதற்கு இடமே வைக்கவில்லை. மூத்தவர் முன்னாலிருந்து கதவோரம் வந்து, அம்மா, உள்ளே பாருங்கள் என்றார். உள்ளே பார்த்தாகிவிட்டது, அங்கே அவருடைய சிரிப்புதான் இருக்கிறது, வெளியே அதைக் காணோம் என்றாள். அகங்காரம் என்றார்கள். ஆமாம் என்றாள். பற்று என்றார்கள். அதுவும் ஆமாம் என்றாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவர்மேல் பற்று இல்லாமல் ஃபிரிட்ஜ் மேலா வைப்பேன் என்று கேட்டாள். கண்டேன் என்று ஒரு வார்த்தை ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று ஒருவர் சமாதானமாகச் சொன்னார். அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே இந்த நிலைமை என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். முறைக்குக் காத்திருக்கிறவர்களைக் காத்திருக்க வைப்பது அவளுக்குப் புதிதில்லை.

காத்திருந்தார்கள். மாடியில் வெக்கை ஏறியது. ஃபிரிட்ஜ் அணியும் போன் அணியும் ஒரே பானையில் தண்ணீர் குடித்தன. வங்கி மேலாளர் சால்வையை முறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். தாழ்ப்பாளை நீக்கச் சொல்லி மூத்தவரைக் கெஞ்சினார். ஒருவர் காணாமல் கதவைத் திறந்தால், இத்தனை காலம் கண்டதெல்லாம் என்ன ஆவது என்று மூத்தவர் கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் வாயால் போட்ட சட்டம். அவராலேயே மீற முடியவில்லை.

அப்போது மூன்றாம் வரிசையில் நாத்தனார் எழுந்தாள். அவளுக்கு அன்று மாலை சால்வை தருவதாக இருந்தது. எல்லாருக்கும் அது தெரியும்.

“நானும் காணல” என்றாள். “சொன்னது பொய். எங்கண்ணன் செருப்புக்குள்ள போன் தேடுறதை மட்டும்தான் பாத்தேன். அவன் சிரிக்கணும். அதைப் பாக்காம நான் ஒண்ணும் காணல.”

பின்னாலிருந்து யாரோ, போட்டுத்தான் தொலைங்களேன் என்றார். கரைந்தவர்களில் ஒருவர் என்று பிறகு தெரிந்தது.

நீதிபதி எழுந்தார். அந்த மீதி எங்கே இருக்கிறது என்று கேட்டார். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்று செயலாளர் ஒப்புக்கொண்டார். அது வட்டத்தின் மரபுக்கு விரோதம் என்று மூத்தவர் தொடங்கினார்.

“உங்க மரபுப்படி இந்தம்மா சொல்ற வரைக்கும் நான் வெளிய போக முடியாது. அதானே?” என்றார் நீதிபதி. “அப்ப போடுங்க.”

போட்டார்கள். முதலில் அவர் குரல் கேட்டது. இந்த வீட்டுல வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கறதில்ல. மாயை பதில் சொன்னாள். யாரோ களுக்கென்றார்கள். பிறகு மணி அடித்தது, மெத்தைக் கடை மாடி முழுக்க அடித்தது, பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் பையைத் தடவினார்கள். ஃபிரிட்ஜ் மேல பாருங்க! அவர் முகம் வந்து திரையை நிறைத்தது, சவரம் செய்யாத மோவாயும் மூக்கு முடியுமாக. அட, இது ஓடிட்டிருக்கு போலிருக்கே. மூக்கில் தொடங்கினார், தொண்டைக்கு வந்தார், விக்கினார். சபை சிரித்தது. சட்டமெல்லாம் எங்கே போயிற்றோ, வங்கி மேலாளர் காலைக் குறுக்கிக்கொண்டு, வேண்டாம், என்னைச் சிரிக்க வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூத்தவர் மட்டும் பலகையின் அடியில் நின்றுகொண்டிருந்தார்.

டோக்கன் அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை, துடைக்கிற நேரத்தில் ஏதாவது தவறிப் போய்விடும். திரை வெள்ளையானது. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றாள்.

போட்டார்கள். அது முடிந்ததும் எழுந்து கம்ப்யூட்டரிடம் போய், போனைச் செயலாளர் முன்னால் வைத்தாள். அவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். வீடியோ போனில் ஏறியது. அவள் அதை அங்கேயே காதில் வைத்து, சிரிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டாள். அப்புறம் யாரையும் கேட்காமல் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். நாத்தனார் பின்னாலேயே வந்தாள்.

“அம்மா, நீங்க இன்னும் கண்டேன்னு சொல்லல” என்றார் மூத்தவர். “நீங்க சொல்லாம நாங்க எப்படி எழுந்திருக்கிறது?”

டோக்கன் அக்கா வாசலில் நின்று திரும்பினாள்.

“நல்லாத் தேடிப் பாருங்க” என்றாள். “ஃபிரிட்ஜ் மேல இருக்கும்.”

பாதிப் படியில் நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் தொடங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, விக்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். டோக்கன் அக்கா ஒரு படி கீழே நின்று, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அதை முழுசாகக் கேட்டாள். மேலே கதவு திறந்தே கிடந்தது. வெகு நேரம் யாரும் இறங்கி வரவில்லை.